சமூகவியலார் காணாத புறநகர்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியை முன்வைத்துத் தமிழாய்வுக்கு ஒரு முன்மொழிவு

முன்னுரை

பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர்களின் தன்விவரக் குறிப்புகளில் இரண்டு வரிகள் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். ஒன்று ஆய்வு ஆர்வம். மற்றொன்று கற்பித்தல் ஆர்வம். முதல் வரியில் ஊரகச் சமூகவியல், சாதியும் அரசியலும், பாலின ஆய்வு, தொழிலாளர் ஆய்வு, இடப்பெயர்வு போன்ற களங்கள் குறிக்கப்படும். இரண்டாம் வரியில் சமூகவியல் அறிமுகம், கோட்பாடுகள், ஆய்வு நெறிமுறைகள் எனப் பாடத்தாள்கள் வரும். இவ்விரு வரிகளும் ஒன்றையொன்று தொடுவது அரிது. ஆசிரியர் ஆராயும் பொருள் வகுப்பறைக்கு வருவதில்லை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் வாழும் இடம் ஆசிரியரின் ஆய்வுக்குள் நுழைவதில்லை.

இந்த இடைவெளியில் தவறிப்போன நிலப்பகுதிகளுள் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலிருந்து ஒவ்வொரு நாளும் மாணவர்கள் தொடர்வண்டியிலும் பேருந்திலும் ஏறிக் கல்லூரிக்குச் செல்கின்றனர். அங்கே சாதி, வகுப்பு, அதிகாரம் பற்றிப் படிக்கின்றனர். தம் தெருவில் இம்மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பாடமாகப் படிப்பதில்லை. இக்குறையைச் சமூகவியல் துறை தனித்து நீக்கிவிட இயலாது. அதற்குத் தமிழ்த்துறையின் துணை வேண்டும். தமிழ்த்துறைக்கும் சமூகவியலின் துணை அதே அளவிற்குத் தேவைப்படுகிறது. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

ஸ்லேட்டரின் வகுப்பறை

ஆய்வும் கற்பித்தலும் ஒன்றாக இருந்த காலம் சென்னையில் ஒருமுறை இருந்தது. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்கள் இங்கிலாந்தின் பொருளியலை மனப்பாடம் செய்வதைக் கண்டு வேறு வழி தேடினார். விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களின் கையில் வினாநிரல் ஒன்றைக் கொடுத்துத் தத்தம் ஊரை ஆராய்ந்து வரச் செய்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எங்கிருந்து வருகிறது, யார் எங்கே குடியிருக்கின்றனர் என்பனவே வினாக்கள். இம்முயற்சியின் விளைவாக 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சில பற்றிய நூல் வெளிவந்தது. தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலான ஊர்கள் அதில் பதிவாயின.

அந்நூலின் மதிப்பு அதோடு முடியவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டனர். இருவேல்பட்டுக்கு 1980களில் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் சென்றனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கி. நாகராஜ் ஆகியோர் சென்றனர். தமிழகத்தின் ஓர் ஊர் 1916 முதல் 2008 வரை எவ்வாறு மாறியது என்பதை இன்று சான்றோடு பேச முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை ஒரு வகுப்பறைப் பயிற்சி. நிலம் நழுவியது, கூலி உறவு தளர்ந்தது, அரசியல் ஊருக்குள் புகுந்தது ஆகிய அனைத்தையும் அத்தொடக்கப் பதிவோடு ஒப்பிட்டே அளக்க முடிந்தது.

ஸ்லேட்டர் சமூகவியலர் அல்லர், பொருளியலர். எனினும் 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு குறித்துத் தனிநூல் எழுதியவர் என்ற வகையில் தமிழாய்வாளர்க்கு அவர் அயலார் அல்லர். அவரிடமிருந்து நாம் பெற வேண்டியது முடிவுகளை அன்று; மாணவரின் சொந்த ஊரே ஆய்வுக்களம் என்னும் முறையைத்தான்.

1961: இரண்டு களங்கள்

இந்தியாவில் சமூகவியல் தனித்துறையாக 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியராக அமர்ந்தவர் பாட்ரிக் கெடிஸ். அவர் நகரங்களை ஆராய்ந்தவர். 1915இல் சென்னை மாகாணத்து நகரங்கள் குறித்து அறிக்கை எழுதியவர். நகரில் தொடங்கிய துறை, விடுதலைக்குப் பின் கிராமத்தை நோக்கித் திரும்பியது. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நிலவுடைமைச் சிக்கல் நாட்டின் முதன்மைச் சிக்கலாக இருந்தது. ஓராண்டு தங்கி ஊரை முழுமையாகக் காணும் மானிடவியல் முறைக்குச் சிற்றூரே ஏற்ற அளவாக இருந்தது.

தமிழகத்தில் இப்போக்கின் சிறந்த விளைவு ஆந்த்ரே பெத்தேயின் நூல். அவர் 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்டு, சாதி, வகுப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த நிலையிலிருந்து பிரிந்து வருவதை விளக்கினார். 1965இல் வெளிவந்த அந்நூல் இன்றும் பாடநூல். அதே தஞ்சையில் காத்லீன் கஃப் கும்பப்பேட்டை என்று பெயரிட்ட ஊரை 1950களின் தொடக்கத்திலும் பின்னர் 1976இலும் ஆராய்ந்தார்.

இனி அதே 1961ஆம் ஆண்டில் சென்னைக்கு மேற்கே நிகழ்ந்தவற்றைக் காண்போம். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமையத் தொடங்கியது. 1965 இறுதியில் அங்கிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். 1961இலும் சுந்தரம் கிளேட்டன் 1962இலும் உருவாயின. அதற்கு முன்பே, 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்துகொண்டிருந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நிறுவப்பட்டது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிசப் பாங்கிலான சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்திருந்தது. பத்தாண்டுகளுக்குள் அவ்வறிவிப்பின் பொருள் விளங்கத் தொடங்கிய இடங்களுள் அதே ஆவடியும் ஒன்று. தஞ்சையில் பிரிந்து வந்துகொண்டிருந்த சாதியும் வகுப்பும் அதிகாரமும் ஆலை வாயிலில் மீண்டும் எவ்வாறு சேர்ந்தன என்பது பெத்தேயின் வினாவுக்கு இயல்பான மறுபாதி. அம்மறுபாதி எழுதப்படவில்லை.

சிறுதொழில் பற்றிய பொருளியல் ஆய்வுகள் நமக்கு இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்ரீபுரம் போலவும் கும்பப்பேட்டை போலவும் மாணவத் தலைமுறைகள் பெயர் சொல்லிப் படிக்கும் ஒரு புறநகர் நம் பாடத்தில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகை 4 இலட்சத்தையும் ஆவடியின் மக்கள்தொகை 3 இலட்சத்தையும் கடந்திருந்தன. ஒன்றையொன்று அடுத்திருக்கும் இம்மூன்று ஊர்களும் இன்று மூன்று ஆட்சி வடிவங்களில் உள்ளன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது; பூந்தமல்லி நகராட்சியாக நீடிக்கிறது. இத்தகைய நிலப்பரப்பைக் கிராமம் என்றும் நகரம் என்றும் இருகூறாகப் பிரித்த பாடத்திட்டத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமையே அது விடுபட்டதற்குக் காரணம்.

புறநகரின் சொற்கள்

இங்கே தமிழ்த்துறை ஏன் வர வேண்டும் என்னும் வினா எழும். விடை சொற்களில் இருக்கிறது. சமூகவியல் களப்பணி தமிழில் நடைபெறுகிறது. நேர்காணல் தமிழ், ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலம். இடையில் சொற்கள் உதிர்ந்து விடுகின்றன. உதிர்பவை வெறும் சொற்கள் அல்ல. மக்கள் தம் சமூகத்தைத் தாமே வகைப்படுத்திய வகைப்பாடுகள்.

'காலனி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சிற்றூர்களில் 'ஊரும் காலனியும்' என்றால் காலனி தலித் மக்களின் குடியிருப்பைக் குறிக்கும். நகரில் அதே சொல் அலுவலர்களும் ஆலைப் பணியாளர்களும் மனை வாங்கிக் குடியேறிய நடுத்தர வகுப்புக் குடியிருப்பின் பெயர். சிற்றூரும் நகரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த புறநகரில் இவ்விரு பொருளும் அருகருகே வாழ்கின்றன. 'காலனியில் வீடு' என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவர் எதைப் புரிந்துகொள்கிறார் என்பது சாதி பற்றிய வினா. ஆங்கில ஆய்வேட்டில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், இழிவுக் குறியீடாகிவிட்ட காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும் அச்சொல் எந்தத் தெருவில் இழிவாகவும் எந்தத் தெருவில் பெருமையாகவும் வழங்குகிறது என்பதைத் தெருவாரியாகப் பதிவுசெய்ய இதுவே இறுதி வாய்ப்பாக இருக்கலாம். 'சேரி' என்னும் சொல்லுக்கும் முன்பு இதுவே நேர்ந்தது. சோழர் கல்வெட்டுகளில் பல்வேறு பிரிவினரின் சேரிகளும் சேரி என்றே குறிக்கப்பட்டன. பின்னர் ஒரு பிரிவினர்க்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. இவ்வரலாற்றை அறிந்தவர் தமிழாய்வாளர். அதன் இன்றைய வடிவத்தைக் களத்தில் அளக்கத் தெரிந்தவர் சமூகவியலர்.

'நகர்' என்னும் சொல்லும் அத்தகையது. சங்க இலக்கியத்தில் மாளிகையையும் கோயிலையும் குறித்த சொல் பின்னர்ப் பேரூருக்காயிற்று. இன்று புறநகரில் இருபது மனைகள் கொண்ட மனைப்பிரிவும் நகர்தான். தலைவர் பெயர், கடவுள் பெயர், மனை விற்றவரின் குடும்பத்துப் பெயர் எனப் பலவகையால் இந்நகர்கள் பெயர் பெறுகின்றன. யாருடைய வயலும் எந்த ஏரியின் பாசன நிலமும் எந்த ஆண்டில் நகராயின என்பதைப் பத்திரமும் பட்டாவும் சொல்லும். ஏன் அப்பெயர் இடப்பட்டது என்பதைக் குடியிருப்போரே சொல்ல முடியும்.

ஆலைச் சொற்கள் இன்னொரு வகை. 'எஸ்டேட்' என்றால் வால்பாறையில் தேயிலைத் தோட்டம், அம்பத்தூரில் தொழிற்பேட்டை. 'பர்மனென்ட்', 'காண்ட்ராக்ட்', 'டிரெய்னி' ஆகிய மூன்று சொற்களும் ஒரே இயந்திரத்தின் முன் ஒரே வேலை செய்யும் மூவரைப் பிரிக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல், ஒழிப்புச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. சட்டத்தின் சொல் 'ஒப்பந்தத் தொழிலாளர்'. வீட்டிலும் பெண் பார்க்கும் இடத்திலும் வழங்கும் சொல் 'காண்ட்ராக்ட்'. முன்னது பணிநிலை, பின்னது ஒருவரது சமூக மதிப்பு. ஆய்வேட்டுக்குள் முன்னது மட்டுமே நுழைகிறது.

'ஊர்' என்னும் ஒரு சொல்லை முறையாக ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை இ. வேலண்டைன் டேனியல் 1984இல் வெளியிட்ட நூலில் காட்டினார். நாடு, கிராமம் ஆகியவற்றினின்று ஊர் வேறுபடும் விதத்தை ஆராய்ந்து, மனிதருக்கும் மண்ணுக்கும் இடையேயான உறவு பற்றிய கோட்பாடாக அதை அவர் விரித்தார். திருச்சிப் பகுதிச் சிற்றூரில் அவர் எழுப்பிய வினாவை ஆவடியில் எழுப்பினால் என்ன ஆகும்? நாற்பதாண்டு ஆவடியில் வாழ்ந்தவரும் 'எந்த ஊர்?' என்றால் தம் பெற்றோரின் ஊரைச் சொல்வதுண்டு. அவர் மகன் என்ன சொல்கிறார்? ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தொழிற்பேட்டையை ஒட்டி அறையெடுத்துத் தங்கியவரின் குழந்தை தமிழ்ப்பள்ளியில் இவ்வினாவுக்கு என்ன விடை எழுதுகிறது? சொந்த ஊர் எப்போது உருவாகிறது என்பது சமூகவியல் வினாவாகவும் சொற்பொருள் வினாவாகவும் ஒருங்கே நிற்கிறது.

கலைச்சொல்லாக்கத்திலும் இதே தேவை உண்டு. எம்.என். சீனிவாஸ் குறிப்பிட்ட ஒரு கருத்தாக்கத்தை 'ஆதிக்கச் சாதி' என்று மொழிபெயர்க்கிறோம். அவர் எண்ணிக்கை, நிலவுடைமை, அரசியல் செல்வாக்கு ஆகியவற்றை அளவைகளாகக் கொண்டார். தமிழில் ஆதிக்கம் என்பது ஒடுக்குதல் என்னும் மதிப்பீட்டையும் சேர்த்தே தருகிறது. அவருடைய மற்றொரு கருத்தாக்கம் தமிழில் 'சமஸ்கிருதமயமாதல்' என்றும் 'மேல்நிலையாக்கம்' என்றும் வழங்குகிறது. இரண்டாவது சொல்லை ஏற்கும் மாணவர், பார்ப்பனிய வழக்கங்களை மேற்கொள்வதே மேலே செல்வது என்னும் முடிவையும் அறியாமலே ஏற்றுக்கொள்கிறார். மொழித்துறை உடனிருந்திருந்தால் இவை முன்பே விவாதிக்கப்பட்டிருக்கும்.

தமிழ்த்துறையின் கடன்

குறை சமூகவியலாரிடம் மட்டும் இருப்பதாகச் சொல்வது நேர்மையாகாது. நம் துறையில் 'சமுதாயச் சிக்கல்கள்' என்று முடியும் ஆய்வேடுகள் எத்தனையோ உள்ளன. ஒரு நாவலாசிரியரின் படைப்புகளைத் தேர்ந்து, வறுமை, வரதட்சணை, சாதி, வேலையின்மை எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின்கீழும் மேற்கோள்களை அடுக்கி முடிப்பது பழகிப்போன முறையாகிவிட்டது. அதில் சமுதாயம் படைப்பிலிருந்து பெறப்படுகிறதே தவிர, படைப்புக்கு வெளியே சென்று சரிபார்க்கப்படுவதில்லை. சமூகவியலின் பெயரை வாங்கினோம். அதன் உழைப்பை வாங்கவில்லை.

நா. வானமாமலை, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, தொ. பரமசிவன் ஆகியோர் வேறு வழி காட்டினர். வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழும் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வும் பனுவலையும் களத்தையும் ஒருங்கே கற்கும் முறைக்குச் சான்று. ஆயினும் அவ்வழியில் பின்னர் நடந்தோர் பெரிதும் கோயில், நாட்டார் வழக்காறு, சிற்றூர் ஆகியவற்றோடு நின்றனர். இடப்பெயராய்வும் அவ்வாறே. ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் 'ஊரும் பேரும்' நூலால் அகலத் திறந்த வாயில் அது. மேற்குப் புறநகருக்கு வந்தால் நாம் சம்பந்தர் பாடிய வலிதாயத்தையும், சுந்தரர் பாடிய வடதிருமுல்லைவாயிலையும், ஆழ்வார் பிறந்த திருமழிசையையும் காண்கிறோம். அவற்றைச் சுற்றி எழுந்த நூற்றுக்கணக்கான நகர்களைக் காண்பதில்லை.

ஆவடி என்னும் பெயர் படைக்கலக் கிடங்கு ஒன்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆனது என்று அங்குள்ளோர் பலர் சொல்வர். சொல்லாய்வாளர் இதைப் பொய்ச் சொற்பிறப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவது சரியே, ஆனால் அதோடு பணி முடியவில்லை. ஆலையால் வாழ்வு பெற்ற மக்கள் தம் ஊர்ப் பெயரையும் ஆலையிலிருந்தே பெற்றதாக நம்பத் தொடங்கியது ஒரு சமூகச் செய்தி. பசுக்கள் நிறைந்த ஊர் என்னும் விளக்கத்தைச் சொல்பவர் யார், படைக்கலக் கிடங்கு என்னும் விளக்கத்தைச் சொல்பவர் யார் என்று கேட்டால், பழங்குடியும் வந்தேறிய குடியும் ஊரை எவ்வாறு உரிமை கொண்டாடுகின்றனர் என்பது தெரியவரக்கூடும்.

எதிர்வாதங்கள்

இம்முன்மொழிவுக்கு மூன்று எதிர்வாதங்கள் எழலாம். முதலாவது, தமிழ் மாணவர்க்குக் களஆய்வுப் பயிற்சி இல்லை. விளைவு கதைத் திரட்டாகிவிடும் என்பது. இது மெய்யான அச்சம். மாதிரித் தேர்வும் வினாநிரல் அமைப்பும் கற்றுத் தேற வேண்டியவை. அதனாலேயே கூட்டு முயற்சி வேண்டும் என்கிறோம். ஸ்லேட்டரின் மாணவர்களும் வல்லுநர்கள் அல்லர். தெளிவான வினாநிரலும் திருத்தும் ஆசிரியரும் அவர்களுக்கு வாய்த்தனர்.

இரண்டாவது, உலக அறிவுலகோடு உரையாட ஆங்கிலம் இன்றியமையாதது என்பது. இதையும் மறுப்பதற்கில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தக் கோரவில்லை. நேர்காணலின் தமிழ் மூலம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. மூலம் அழிந்தபின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க எவராலும் முடியாது.

மூன்றாவது எதிர்வாதமே கடுமையானது. தன் தெருவையே ஆராயும் மாணவர் அண்டைவீட்டாரின் சாதியையும் கடனையும் வீட்டுரிமைச் சிக்கலையும் எழுத நேரிடும். ஏரிப் புறம்போக்கில் குடியிருப்பவரைப் பற்றிய பதிவு அவரை அப்புறப்படுத்தவே பயன்படக்கூடும். அம்பத்தூர், கொரட்டூர், செம்பரம்பாக்கம் ஏரிகளைச் சுற்றியுள்ள பகுதிகளில் இது கற்பனை அச்சம் அன்று. ஆகவே ஊருக்கும் தெருவுக்கும் புனைபெயரிடும் மரபை நாமும் கைக்கொள்ள வேண்டும். வீட்டு எண், ஆள்பெயர் ஆகியவை எந்த ஏட்டிலும் இடம்பெறலாகாது. எதை எழுதாமல் விடுவது என்பதும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும்.

செய்யத்தக்கன

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ் என்னும் தாள் உள்ளது. எத்துறை மாணவராயினும், தமிழை மொழிப்பாடமாக எடுத்தால் இதைக் கற்கிறார். சமூகவியல் மாணவரும் ஆலைத் தொழிலாளரின் பிள்ளையும் தமிழாசிரியர்முன் வந்து அமரும் இடம் இது. இத்தாளின் அகமதிப்பீட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாகத் 'தெருப் பதிவு' அமையலாம். தெருவின் பெயர், அது நகரான ஆண்டு, குடிவந்த வரிசை, தொழில், தண்ணீர் வரும் வழி, வழங்கும் சிறப்புச் சொற்கள் என வினாநிரலைச் சமூகவியல் ஆசிரியர் வகுக்க, நடையையும் சொற்பதிவையும் தமிழாசிரியர் திருத்தலாம். புதிய பணியிடமோ பெரும்பொருளோ இதற்கு வேண்டியதில்லை.

முனைவர் பட்ட நிலையில், புறநகர் குறித்த ஆய்வுகளுக்கு இரு துறைகளிலிருந்தும் இணை நெறியாளர் அமைவது நலம். ஆங்கிலத்தில் எழுதப்படும் களஆய்வேடுகளில் நேர்காணலின் தமிழ் மூலம் பின்னிணைப்பாதல் வேண்டும். இவற்றினின்று மேற்குப் புறநகர்ச் சொற்கோவை ஒன்று நாளடைவில் உருவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபதாண்டு கழித்து மறு ஆய்வு செய்யத்தக்க வகையில் முதற்பதிவு அமைய வேண்டும். இருவேல்பட்டு நமக்குக் கற்பித்தது அதையே.

முடிவுரை

காலம் இதில் பொறுத்திருக்காது. 1965இல் இருபது வயதில் ஆவடி ஆலைக்குள் நுழைந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அம்பத்தூரில் டன்லப் ஆலை மூடப்பட்டது. தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளுக்கு அருகே தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்துள்ளன. கனரக ஊர்தித் தொழிற்சாலை 2021இல் அரசுத்துறை நிலையிலிருந்து நிறுவன நிலைக்கு மாற்றப்பட்டது. முதல் தலைமுறைத் தொழிலாளர் எந்தச் சிற்றூரிலிருந்து, யாருடைய பரிந்துரையால், எந்த நிலத்தை விற்று இங்கு வந்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கின்றனர்.

பேராசிரியரின் தன்விவரக் குறிப்பில் ஆய்வு ஆர்வமும் கற்பித்தல் ஆர்வமும் தனித்தனி வரிகளாகவே இருக்கட்டும். அவ்விரண்டையும் இணைக்கும் வேலையை வரும் கல்வியாண்டில் ஒரு கல்லூரி, ஒரு வகுப்பு, முப்பது தெருக்கள் என்ற அளவில் தொடங்கலாம். வினாநிரலைச் சமூகவியல் துறையிடம் கேட்டுப் பெறும் முதல் அடியைத் தமிழ்த்துறையே எடுத்துவைப்பது பொருத்தம்.